ஸ்பானிஷ் சரக்கு ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிழை: அறிகுறியை வைத்துச் சொல்லைப் பிடிக்கும் வழி

கப்பல் சரக்கு ஆவணத்தின் மொழிபெயர்ப்பில் உள்ள பிழை படிக்கும்போது கண்ணில் படாது. வாக்கியம் நன்றாகவே இருக்கும். பத்து நாள் கழித்து அது வேறு உருவத்தில் வந்து நிற்கும்: சுங்க முகவர் ஒரு கேள்வி கேட்பார், வங்கி ஆவணத்தைத் திருப்பி அனுப்பும், கணக்குப் பிரிவில் தொகை ஒட்டாது. அதனால் இந்த வழிமுறையை அகராதி வரிசையில் அடுக்கவில்லை. எந்தக் கேள்வி வந்தால் எந்தச் சொல்லைச் சந்தேகிக்க வேண்டும் என்ற வரிசையில் இருக்கிறது. ஸ்பானிஷ் சொற்கள் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் எழுதப்பட்டுள்ளன.

எதையும் திருத்தும் முன் மூன்று விவரம் கையில் இருக்க வேண்டும். ஆவணம் எந்த நாட்டில் எழுதப்பட்டது, அது எந்த வகை ஆவணம், ஆங்கிலப் பிரதியை யார் படிக்கப் போகிறார். இவற்றில் முதலாவதுதான் மிக முக்கியம். மொழி ஒன்றுதான், ஆனால் சுங்கச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஒரே சொல் மெக்சிகோவில் ஒன்றும் ஸ்பெயினில் இன்னொன்றும் சொல்லும். முகவரி தெளிவாக இல்லையென்றால் வரி அடையாள எண்ணின் பெயரைப் பாருங்கள். ஆர்எஃப்சி என்றால் மெக்சிகோ, சியூஐடி என்றால் அர்ஜென்டினா, என்ஐஎஃப் என்றால் ஸ்பெயின். ஆர்யூசி மட்டும் பெரு, ஈக்வடார், பராகுவே என்று பல நாடுகளில் உண்டு. அதைக் கண்டால் நாணயத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: தொகை ஆயிரம் மடங்கு தவறுகிறது, அல்லது எடை ஒட்டவில்லை

முதல் சந்தேகம் புள்ளியும் காற்புள்ளியும். ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா ஆவணங்களில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் ஆங்கிலத்தைப் போலவே எழுதுவார்கள். ஆக '1.250 கிலோ' என்பது ஸ்பெயினில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, மெக்சிகோவில் ஒன்றே கால். நாட்டை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். மென்பொருள் அமைப்பு வேறாக இருந்தால் மெக்சிகோ நிறுவனமும் ஐரோப்பிய முறையில் அச்சிடும். பட்டியலில் ஒரு பொருளின் வரிசையைப் பெருக்கிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அளவு 2.400, அலகு விலை 1,35, அந்த வரிசையின் தொகை 3.240,00 என்றிருந்தால், 2400 × 1.35 = 3240. கணக்கு ஒட்டுகிறது, அதனால் ஆங்கிலத்தில் முறையே 2,400, 1.35, 3,240.00.

அந்தத் தொகைக்கு மேலே 'இம்போர்தே' என்று தலைப்பு இருக்கும். அதற்கு 'அமௌன்ட்' என்று பொருள். இறக்குமதியோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. 'இம்போர்தே தோதால்' என்பதை 'டோட்டல் இம்போர்ட்' என்று எழுதிய மொழிபெயர்ப்புகள் ஏராளம். இறக்குமதிக்குச் சொல் 'இம்போர்தாசியோன்'.

அடுத்து நாணயம். டாலர் குறி மெக்சிகோ, சிலி, கொலம்பியா, அர்ஜென்டினா பெசோக்களுக்கும் பொதுவானது. குறியை அப்படியே விட்டால் படிப்பவர் அமெரிக்க டாலர் என்றுதான் எடுத்துக்கொள்வார். மூன்றெழுத்து நாணயக் குறியீடாக மாற்றி எழுதுங்கள்: எம்எக்ஸ்என், சிஎல்பி, சிஓபி, ஏஆர்எஸ். மெக்சிகோவில் தொகைக்குப் பின் வரும் 'எம்.என்.' என்பது 'மொனேதா நசியோனால்', அதாவது மெக்சிகோ பெசோ. அதே இரண்டு எழுத்து சாய்கோட்டோடு கப்பல் பெயருக்கு முன் வந்தால் 'மோதோநாவே', ஆங்கிலத்தில் எம்வி. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்; கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றினால் கப்பல் பெசோவாகிவிடும்.

தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வரும். 03/04/2024 என்பதை அமெரிக்கர் மார்ச் நான்கு என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அளவைகளில் இடறவைப்பவை சில. 'மில்யார்' என்பது ஆயிரம் எண்ணிக்கை கொண்ட அலகு; திருகாணி, லேபிள் வகைகளில் 12 மில்யார் என்றால் 12,000. 'கிந்தால்' மெட்ரிக்காக இருந்தால் 100 கிலோ, பழைய ஸ்பானிஷ் அளவாக இருந்தால் சுமார் 46 கிலோ. ஆங்கிலத்தில் 'குவின்டல்' என்று விட்டுவிட்டு, நிகர எடையை மூட்டை எண்ணிக்கையால் வகுத்து எந்தக் கிந்தால் என்று உறுதிசெய்து குறிப்பு எழுதுங்கள். 'டிஎம்' என்பது மெட்ரிக் டன், 1,000 கிலோ. அமெரிக்கரின் ஷார்ட் டன் 907.185 கிலோதான் என்பதால் வெறும் 'டன்' என்று எழுதக் கூடாது. 'மெட்ரிக் டன்' என்றே எழுதுங்கள். 'பில்யோன்' என்பது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழியம், ஆங்கில 'டிரில்லியன்'. ஆங்கில 'பில்லியனுக்கு' ஸ்பானிஷில் 'மில் மில்யோனெஸ்'.

அறிகுறி: சரக்கு யாருக்கு வருகிறது, யார் அனுப்பினார் என்று சுங்க முகவர் கேட்கிறார்

குற்றவாளி பெரும்பாலும் 'கோன்சிக்னதாரியோ'. பில் ஆஃப் லேடிங்கின் (கடல்வழிச் சரக்குச் சீட்டின்) கட்டத்தில் அனுப்புநருக்கு அடுத்து வந்தால் அது 'கன்சைனீ', அதாவது சரக்கைப் பெறுபவர்தான். ஸ்பெயினின் துறைமுக ஆவணத்தில் அதே சொல் பல நேரம் 'கோன்சிக்னதாரியோ தே பூக்கெஸ்' என்பதன் சுருக்கம். அது கப்பல் முகவர், ஆங்கிலத்தில் 'ஷிப்ஸ் ஏஜென்ட்'. சரக்கில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது. அவரைக் கன்சைனீ என்று எழுதினால் இறக்குமதியாளர் பெயர் இரண்டாகிவிடும், சுங்கப் பதிவு நின்றுவிடும். பிரித்தறிவது சுலபம். அந்தச் சொல் கப்பல் பெயர், வருகை எண், துறைமுக அழைப்பு ஆகியவற்றின் அருகில் இருந்தாலோ, வருகை அறிவிப்பின் தலைப்புத் தாளில் இருந்தாலோ அது முகவர். பெட்டி எண்ணிக்கை, சரக்கு விவரம் ஆகியவற்றின் அருகில் இருந்தால் பெறுபவர். சாலைப் போக்குவரத்து ஆவணத்தில் பெறுபவர் 'தெஸ்தினதாரியோ' என்றும் அனுப்புபவர் 'ரெமிதெந்தே' என்றும் வருவார்கள்.

'கர்காதோர்' என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு 'சார்ஜர்' ஆக்கிவிடும். பெயர்க் கட்டத்தில் அது 'ஷிப்பர்', அதாவது அனுப்புநர். சரக்குப் பட்டியலில் உண்மையாகவே மின்னேற்றி இருந்தால் அங்கே மட்டும் 'சார்ஜர்'. லத்தீன் அமெரிக்காவில் ஷிப்பருக்கு 'எம்பர்காதோர்' என்றும் எழுதுவார்கள். 'போர்தெயாதோர்' என்பவர் கேரியர் (சரக்கை ஏற்றிச் செல்பவர்), 'நவியேரா' கப்பல் நிறுவனம், 'அர்மாதோர்' கப்பலை இயக்கும் உரிமையாளர், 'த்ரான்சிதாரியோ' ஸ்பெயினில் ஃப்ரெய்ட் ஃபார்வர்டர் (சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்பவர்). லத்தீன் அமெரிக்காவில் ஃபார்வர்டரை 'அஹெந்தே தே கார்கா' என்பார்கள். அதை 'ஷிப்ஸ் ஏஜென்ட்' என்று எழுதிவிடாதீர்கள்.

சுங்க முகவருக்கு மெக்சிகோவில் 'அஹெந்தே அதுவானால்', அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'தெஸ்பசாந்தே தே அதுவானா'. இரண்டுமே 'கஸ்டம்ஸ் புரோக்கர்'. மெக்சிகோ ஆவணத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பதெந்தே' என்று நான்கு இலக்க எண் வரும். அது அவருடைய உரிம எண். சிலி, அர்ஜென்டினா லாரி ஆவணத்தில் அதே 'பதெந்தே' வண்டியின் பதிவு எண். இரண்டு இடத்திலும் 'பேட்டன்ட்' என்று எழுதுவது தவறு.

'ரசோன் சோசியால்' என்பது நிறுவனத்தின் பதிவுப் பெயர். அதற்கு எதிரே உள்ள பெயரில் ஒரு எழுத்தையும் மொழிபெயர்க்காதீர்கள். மெக்சிகோ நிறுவன வகையைக் குறிக்கும் 'எஸ்.ஏ. தே சி.வி.' என்பதை அமெரிக்க 'இன்க்.' ஆக்கினால் அது சட்டப்படி வேறு நிறுவனம்.

சுருக்கெழுத்து ஒன்று மிகவும் படுத்தும். ஸ்பெயினின் பழைய நிறுவன வரி எண்ணின் பெயர் சிஐஎஃப். 2008-இல் அதிகாரப்பூர்வமாக என்ஐஎஃப் ஆகிவிட்டாலும் பில் (விலைப்பட்டியல்) தலைப்புகளில் சிஐஎஃப் இன்னும் அச்சாகிறது. விலை நிபந்தனையான சிஐஎஃப்-உம் அதே மூன்று எழுத்து. பெயருக்கும் முகவரிக்கும் கீழே, எழுத்தும் எண்ணும் கலந்து நின்றால் வரி எண். துறைமுகப் பெயரோ தொகையோ கூட வந்தால் விலை நிபந்தனை. இதைக் குழப்பினால் சுங்க மதிப்பில் காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதே மாறிப்போகும்.

அறிகுறி: வரிப் பகுதியில் 'உரிமை', 'கோட்டா', 'கலைப்பு' என்று பொருளில்லாத சொற்கள்

'தெரேச்சோஸ்' சட்ட நூலில் உரிமைகள். சுங்க ஆவணத்தில் 'டியூட்டீஸ்'. மெக்சிகோவின் 'டிடிஏ' என்பது 'தெரேச்சோ தே த்ராமிதே அதுவானேரோ'. அது இறக்குமதி வரி அல்ல, சுங்கம் தன் நடைமுறைக்காக வாங்கும் கட்டணம்: 'கஸ்டம்ஸ் பிராசஸிங் ஃபீ'. இறக்குமதி வரிக்கு மெக்சிகோ ஆவணத்தில் 'ஐஜிஐ' என்று தனி வரிசை இருக்கும்.

மெக்சிகோவின் 'குவோதா கொம்பென்சதோரியா' பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 'காம்பென்சேட்டரி கோட்டா' என்று எழுதினால், இத்தனை டன் மட்டும் கொண்டுவரலாம் என்ற அளவுக் கட்டுப்பாடு என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் அது வரி. அதிலும் ஒரு கிளை உண்டு: மெக்சிகோ சட்டம் மலிவுக் குவிப்புக்கு (டம்பிங், அதாவது உள்நாட்டு விலைக்கும் குறைவாக வெளிநாட்டில் விற்பதற்கு) எதிரான வரியையும் மானியத்துக்கு எதிரான வரியையும் இந்த ஒரே பெயரில் அழைக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'ஆன்டி-டம்பிங் டியூட்டி', இரண்டாவது 'கவுன்டர்வெய்லிங் டியூட்டி'. எது என்பதை ஆவணம் சுட்டும் தீர்மானத்தில் பாருங்கள். 'திஸ்க்ரிமினாசியோன் தே ப்ரேசியோஸ்' என்றிருந்தால் டம்பிங், 'சுப்வென்சியோனெஸ்' என்றிருந்தால் மானியம். தீர்மானம் கையில் இல்லையென்றால் இரண்டையும் 'அல்லது' போட்டு எழுதுங்கள். ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உண்மையான அளவுக் கட்டுப்பாட்டுக்கு மெக்சிகோவில் 'கூப்போ', ஸ்பெயினில் 'கொந்தின்ஹெந்தே அரான்செலாரியோ'.

'ஃப்ரான்கீசியா' சுங்கத்தில் வரி விலக்கு, காப்பீட்டில் 'டிடக்டிபிள்', அதாவது இழப்பில் காப்பீடு எடுத்தவரே ஏற்கும் பங்கு. 'ஃப்ரான்சைஸ்' என்பது கடைத் தொழிலுக்கு மட்டும். 'லிகிதாசியோன்' என்பதை 'டியூட்டி அசெஸ்மென்ட்' என்று எழுதுங்கள். அமெரிக்கச் சுங்கத்தில் 'லிக்விடேஷன்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் இருக்கிறது: பதிவுக்குப் பிறகு நடக்கும் இறுதி வரித் தீர்மானம். அந்தச் சொல்லைப் போட்டால் அமெரிக்க முகவர் விவகாரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்.

'பார்தீதா அரான்செலாரியா' என்பது சுங்கவரிக் குறியீட்டின் நான்கு இலக்கத் தலைப்பு, 'ஹெடிங்'. பில்லில் தனியாக 'பார்தீதா 3' என்று வந்தால் மூன்றாவது வரி, 'லைன் ஐட்டம்'. மெக்சிகோவின் 'ஃப்ராக்சியோன் அரான்செலாரியா' எட்டு இலக்கம்; 2020 டிசம்பர் முதல் அதனுடன் 'நீக்கோ' எனப்படும் இரண்டு இலக்கமும் சேர்கிறது. முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுவதும் பொது. மீதியை இறக்குமதி நாட்டின் குறியீடாக மாற்றி எழுதுவது மொழிபெயர்ப்பவர் வேலை அல்ல. எண்ணை அப்படியே வைத்து 'மெக்சிகன் டாரிஃப் கோட்' என்று பெயர் கொடுங்கள்.

'ஒரீஹென்' உற்பத்தியான நாடு. 'ப்ரோசெதென்சியா' சரக்கு எங்கிருந்து அனுப்பப்பட்டதோ அந்த நாடு. இரண்டையும் 'ஆரிஜின்' என்று எழுதினால் வரிச் சலுகைக் கோரிக்கையே ஆட்டம் காணும்.

அறிகுறி: சரக்கு விடுவிக்கப்பட்டதா, சோதனையில் இருக்கிறதா என்று புரியவில்லை

நிலையைச் சொல்லும் சொற்கள் எல்லாமே அன்றாட ஸ்பானிஷில் வேறு பொருள் உடையவை. 'லெவாந்தே' என்றால் தூக்குதல் அல்ல. சுங்கம் சரக்கை விடுவித்தல், 'ரிலீஸ்'. 'ரெகோனோசிமியெந்தோ அதுவானேரோ' அங்கீகாரம் அல்ல; சுங்கச் சோதனை. 'அஃபோரோ' ஒரு அரங்கில் எத்தனை பேர் அமரலாம் என்பதற்கும் வரும். ஈக்வடார், பெரு, சிலி சுங்கத்தில் அது பரிசோதனையும் வகைப்பாடும். 'அஃபோரோ ஃபீசிகோ' என்றால் சரக்கைத் திறந்து பார்ப்பது, 'தோகுமெந்தால்' என்றால் தாள்களை மட்டும் பார்ப்பது.

மெக்சிகோவில் 'ப்ரேவியோ' என்று தனியாக வந்தால், பதிவுக்கு முன் சுங்க முகவர் தானே போய்ச் சரக்கை எண்ணிப் பார்ப்பது. 'ப்ரீவியஸ்' என்று விட்டால் யாருக்கும் புரியாது. 'ப்ரீ-கிளியரன்ஸ் இன்ஸ்பெக்ஷன் பை புரோக்கர்' என்று விரித்து எழுதுங்கள். அதேபோல் 'ரெவாலிதாசியோன்': காலாவதியான ஒன்றைப் புதுப்பிப்பது போலத் தோன்றும். நடப்பது வேறு. கப்பல் நிறுவனம் பில் ஆஃப் லேடிங்கைச் சரிபார்த்து, கட்டணத்தைப் பெற்று, சரக்கை இவரிடம் ஒப்படைக்கலாம் என்று முத்திரையிடுகிறது. 'கேரியர்ஸ் ரிலீஸ்' என்பது பொருந்தும்.

'தெஸ்பாச்சோ' இரண்டு பக்கம் ஆடும். 'அதுவானா' கூட வந்தால் 'கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்'. விற்பவரின் தாளில் வந்தால் கிடங்கிலிருந்து அனுப்புதல். சிலியின் 'கீயா தே தெஸ்பாச்சோ' வெறும் அனுப்புகைச் சீட்டு, சுங்கத்தோடு தொடர்பில்லை. ஸ்பெயினின் 'தெஸ்பாச்சோ ஆ லீப்ரே ப்ராக்திகா' ஐரோப்பிய ஒன்றியச் சட்டச் சொல்: 'ரிலீஸ் ஃபார் ஃப்ரீ சர்க்குலேஷன்'. ஓரிரு எழுத்து மாறி 'லீப்ரே ப்லாதிகா' என்று வந்தால், கப்பலுக்குச் சுகாதாரத் துறை தரும் அனுமதி, 'ஃப்ரீ பிராட்டீக்'. 'பெர்ஃபெக்சியோனமியெந்தோ ஆக்தீவோ' என்பது 'இன்வர்ட் பிராசஸிங்', அதாவது சரக்கை வரி இல்லாமல் கொண்டுவந்து பதப்படுத்தி மீண்டும் ஏற்றுமதி செய்யும் முறை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேலிக்கூத்தாகும்.

அறிகுறி: ஆவணத்தின் பெயரே கேள்விக்குள்ளாகிறது

மெக்சிகோவின் 'பெதிமெந்தோ' மனு அல்ல, சுங்க அறிவிக்கை. அது ஏற்றுமதிக்கும் உண்டு என்பதால் செயல்பாட்டு வகைக் கட்டத்தைப் பார்த்த பிறகே 'இம்போர்ட்' என்று சேருங்கள். அதன் எண் 15 இலக்கம்: ஆண்டு இரண்டு, சுங்க நிலையம் இரண்டு, முகவர் உரிமம் நான்கு, கடைசி ஏழில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், மீதி ஆறு வரிசை எண். பதினைந்து இல்லையென்றால் நகல் எடுத்ததில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இதே வேலையைச் செய்யும் தாளுக்கு ஸ்பெயினில் டியூஏ, பெருவில் டிஏஎம், மத்திய அமெரிக்காவில் 2019 முதல் டியூசிஏ. எல்லாவற்றுக்கும் அமெரிக்கப் படிவத்தின் பெயரைக் கொடுக்காதீர்கள். முதல் முறை உள்ளூர்ப் பெயர், பக்கத்தில் 'மெக்சிகன் கஸ்டம்ஸ் டிக்ளரேஷன்' போன்ற விளக்கம், பிறகு உள்ளூர்ப் பெயர் மட்டும்.

'கார்த்தா போர்த்தே' மெக்சிகோவில் மின்னணு வரி பில்லோடு இணையும் போக்குவரத்து விவரம். ஐரோப்பாவில் 'கார்த்தா தே போர்த்தே சிஎம்ஆர்' என்பது 1956 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வரும் சாலைச் சரக்குச் சீட்டு. இரண்டுமே பில் ஆஃப் லேடிங் அல்ல. சரக்கின் உரிமையைக் கைமாற்றும் தாள் கடல்வழியின் 'கோனோசிமியெந்தோ தே எம்பார்க்கே' மட்டும். 'அல்பரான்' ஸ்பெயினிலும் 'ரெமீதோ' அர்ஜென்டினாவிலும் டெலிவரி நோட்.

அறிகுறி: வங்கி ஆவணத்தை முரண்பாடு என்று திருப்புகிறது

கடன் கடிதம் என்பது சரியான ஆவணங்கள் வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி. அதற்கான ஆவணங்களை வங்கிகள் யுசிபி 600 என்ற பன்னாட்டு விதிகளின்படி பார்க்கின்றன. 14-ஆம் விதியின்படி தகவல்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. ஆனால் 18-ஆம் விதியின்படி பில்லில் உள்ள சரக்கு விவரம் கடன் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே சரக்கின் பெயருக்கு அழகான சொல் தேடாதீர்கள். கடன் கடிதத்தின் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதையே எடுங்கள். பொருள் உண்மையிலேயே வேறாக இருந்தால் அனுப்பியவரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் மூடி மறைப்பது மோசடியில் போய் முடியும்.

பில் ஆஃப் லேடிங் வரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'தீசே கொந்தெனேர் 20 தரீமாஸ் கோன் 960 காஹாஸ். பேசோ, எஸ்தீபா ஈ குவெந்தா தெல் கர்காதோர். ஃப்ளேதே பகதேரோ என் தெஸ்தீனோ. ஆ லா ஒர்தென்.' தவறாக வருவது: கொள்கலனில் 20 மேடைகளில் 960 பெட்டி உள்ளது, சார்ஜரின் எடையும் கணக்கும், சேருமிடத்தில் சரக்குக்குப் பணம், உத்தரவுப்படி. சரியானது: 'செட் டு கன்டெய்ன் 20 பேலட்ஸ் வித் 960 கார்ட்டன்ஸ். ஷிப்பர்ஸ் வெயிட், ஸ்டோ அண்ட் கவுன்ட். ஃப்ரெய்ட் கலெக்ட். டு ஆர்டர்.' 'தீசே கொந்தெனேர்' என்பதில்தான் உயிர் இருக்கிறது. உள்ளே இருப்பதைக் கேரியர் பார்க்கவில்லை, அனுப்புநர் சொன்னதை எழுதியிருக்கிறார். அந்தப் பாதுகாப்பை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடக் கூடாது. இத்தகைய வாசகம் உள்ள ஆவணம் ஏற்கத்தக்கதே என்று 26-ஆம் விதி சொல்வதால் அதை நீக்கவும் தேவையில்லை. 'ஃப்ளேதே' என்பது ஏற்றிச் செல்லும் கூலி, சரக்கு அல்ல. 'ஃபால்சோ ஃப்ளேதே' பொய்யானது அல்ல. ஏற்றாத இடத்துக்குக் கொடுக்கும் கூலி, 'டெட் ஃப்ரெய்ட்'. 'சூசியோ' என்ற குறிப்பு வந்தால் 'கிளாஸ்டு', அதாவது சரக்கிலோ பொதியத்திலோ குறை இருப்பதாகக் குறிப்பு உள்ளது; அழுக்கு என்று எழுதாதீர்கள்.

அறிகுறி: செலவுப் பட்டியலை இறக்குமதியாளர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்

மெக்சிகோ சுங்க முகவரின் 'குவெந்தா தே காஸ்தோஸ்' என்பது செலவுக் கணக்கு. அதில் 'மனியோப்ராஸ்' என்பது ஏற்றி இறக்கும் கூலி, 'ஹேண்ட்லிங் சார்ஜஸ்'. 'மனூவர்ஸ்' என்று எழுதினால் யாரும் பணம் தர மாட்டார்கள். 'கசேதாஸ்' நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம். 'ஒனொராரியோஸ்' முகவரின் ஊதியம்.

'அல்மசெனாஹே' முனையம் கேட்கும் இடவாடகை, 'தெமோராஸ்' கப்பல் நிறுவனம் கொள்கலனுக்குக் கேட்பது. தாமதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அமெரிக்க வழக்கில் கொள்கலன் முனையத்துக்குள் தங்கினால் 'டெமரேஜ்', வெளியே எடுத்துப் போய் வெறுமையாகத் திருப்பத் தாமதித்தால் 'டிடென்ஷன்'. ஸ்பானிஷ் பில் இரண்டையும் 'தெமோராஸ்' என்றே சொல்லிவிடுவது உண்டு. வெளியேறிய தேதியையும் வெறுங்கலன் திரும்பிய தேதியையும் பார்த்துப் பிரியுங்கள். தேதி இல்லையென்றால் கேளுங்கள். வாடகைக் கப்பல் ஒப்பந்தத்தில் சொற்கள் வேறு: ஸ்பெயினின் 2014 கடல் போக்குவரத்துச் சட்டத்தில் ஏற்றி இறக்க அனுமதித்த நேரம் 'ப்லான்ச்சா', அதாவது 'லேடைம்', கூடுதல் நேரம் 'தெமோரா'.

அறிகுறி: பொதி எண்ணிக்கை இரு ஆவணங்களில் வேறு வேறு

'பூல்தோஸ்' என்பது வெளியிலிருந்து எண்ணும் பொதிகள், 'பேக்கேஜஸ்'. 20 பேலட்டில் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டில்) 960 பெட்டி இருந்தால் பூல்தோஸ் 20 ஆகவும் இருக்கலாம், 960 ஆகவும் இருக்கலாம். எதை எண்ணினார்கள் என்பதை இரண்டு தாளையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். பேலட்டுக்கு மெக்சிகோவில் 'தரீமா', பெருவில் 'பாரிவேலா', கொலம்பியாவில் 'எஸ்தீபா'. கொலம்பியாவுக்கு வெளியே எஸ்தீபா என்பது சரக்கை அடுக்குதல். 'காஹா' பெட்டிதான், ஆனால் மெக்சிகோ லாரி ஆவணத்தில் 'காஹா சேக்கா' ஒரு முழு டிரெய்லர், 'டிரை வேன்'. ஒரு டிரெய்லரை 'ஒரு உலர்ந்த பெட்டி' என்று எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மரப் பொதியத்தில் பூச்சித் தடுப்புத் தரத்தைக் குறிக்கும் 'என்ஐஎம்எஃப் 15' என்றிருந்தால் ஆங்கிலத்தில் 'ஐஎஸ்பிஎம் 15'. எச்டி என்ற முத்திரை மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் குறிக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

கொள்கலன் பூட்டு முத்திரைக்கு ஸ்பெயினில் 'ப்ரெசிந்தோ', சிலியில் 'செய்யோ', மெக்சிகோவில் 'கந்தாதோ', கோஸ்டாரிகாவில் 'மர்ச்சாமோ'. எல்லாம் 'சீல்'. 'ஃபீர்மா ஈ செய்யோ' என்று கையெழுத்துக் கட்டத்தில் வந்தால் மட்டும் 'ஸ்டாம்ப்'.

அறிகுறி: 'அவெரீயா' என்ற சொல்லுக்குக் காப்பீட்டாளர் பதறுகிறார்

டெலிவரி சீட்டில் சேதம், லாரி அறிக்கையில் பழுது, கடல் காப்பீட்டில் 'ஆவரேஜ்'. 'அவெரீயா குருயேசா' என்பது 'ஜெனரல் ஆவரேஜ்': கப்பலைக் காப்பாற்றச் செய்த தியாகத்தைச் சரக்கு உரிமையாளர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது. அது அறிவிக்கப்பட்டால் உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கு கைக்கு வரும். 'பெருத்த சேதம்' என்று மொழிபெயர்த்தால் இறக்குமதியாளர் சேதத்தைத் தேடிக்கொண்டிருப்பார், உத்தரவாதத்துக்கான நாள் போய்விடும்.

அறிகுறி: எண்ணைத் தேடினால் கிடைக்கவில்லை

ஸ்கேன் செய்த தாளில், எண் என்பதைக் குறிக்கும் 'என்' எழுத்தோடு வரும் சிறு வட்டம் சுழியமாகவோ இரண்டாகவோ மாறி எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கொள்கலன் எண்ணை ஐஎஸ்ஓ 6346 முறையில் சரிபார்க்கலாம். எழுத்துக்கு மதிப்பு: ஏ 10, பி 12, அப்படியே ஏறும்போது 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். பத்து இடங்களை 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மீதிதான் கடைசி இலக்கம்; மீதி 10 என்றால் சுழியம். சிஎஸ்க்யூயூ 305438-3 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3, சரி. விமானச் சரக்குச் சீட்டின் எட்டு இலக்க வரிசை எண்ணில் முதல் ஏழை 7-ஆல் வகுத்த மீதி எட்டாவது இலக்கம்.

துறைமுகப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 'அம்பேரெஸ்' என்பது ஆன்ட்வெர்ப். மன்சனீயோ மெக்சிகோவிலும் பனாமாவிலும் உண்டு, கார்தஹேனா ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் உண்டு. நாட்டின் பெயரைக் கூடவே எழுதுங்கள்.

திருத்திய பிரதியை அனுப்பும்போது

அமெரிக்கச் சுங்க விதிகளின் 19-ஆம் தலைப்பில் 141.86 பிரிவு, பில்லும் இணைப்புகளும் ஆங்கிலத்தில் அல்லது துல்லியமான ஆங்கில மொழிபெயர்ப்புடன் இருக்க வேண்டும் என்கிறது. துல்லியம் என்பது மூலத்தின் பிழையையும் சேர்த்துத்தான். பில்லில் 480, பேக்கிங் லிஸ்ட்டில் 408 என்றிருந்தால் இரண்டையும் அப்படியே எழுதி, சதுர அடைப்பில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுங்கள். வாசிக்க முடியாத முத்திரையை 'இல்லெஜிபிள் ஸ்டாம்ப்' என்று எழுதுங்கள், நிரப்ப வேண்டாம்.

ஒரு தாளில் 'கோன்சிக்னதாரியோ' திருத்தினால் அந்த ஆவணத் தொகுப்பிலுள்ள எல்லாத் தாளிலும் தேடித் திருத்துங்கள். கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். மின்னஞ்சலில் மாறிய வரிகளை மட்டும், பழையது இன்னது, புதியது இன்னது என்று தனியே எழுதுங்கள். முந்தைய பிரதியிலிருந்து எந்த வரியையாவது சுங்கப் பதிவில் ஏற்றிவிட்டாரா என்று முகவரிடம் நேராகக் கேளுங்கள்; ஏற்றியிருந்தால் உங்கள் புதிய கோப்பு மட்டும் போதாது, அவர் பதிவையும் திருத்த வேண்டும்.